அடைப்பான் நோய்க்கிருமியும் அதன் உறவினமும்

மண்ணை உயிரற்ற சடப்பொருளென எண்ணுதல் பெருவழக்கு. ஆயினும் ஒரு சிட்டிகை மண்ணை நுணுக்குக்காட்டியின் கீழ் இட்டு நோக்குவார்க்கு அஃது எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஒரு நாடாகவே தோன்றும். அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. பல, பட்டதை மட்கச் செய்து மண்ணை வளம்படுத்துபவை. மிகச் சிலவே கொல்லும் ஆற்றல் பெற்றவை. நன்மை செய்வனவும் தீமை செய்வனவும் வெவ்வேறு குலத்தனவாயிருக்கும் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகின்றோம். அந்நினைவு எத்துணைத் தவறானது என்பதைக் காட்டுதற்கு அந்திராக்சு எனப்படும் அடைப்பான் நோயை உண்டாக்கும் பற்றீரியத்திலும் சிறந்த சான்று வேறில்லை.

வேலணை போன்ற தீவகத்தார்க்கு இப்பொருள் ஏட்டுக் கல்வியளவில் நிற்பதொன்றன்று. இங்குள்ள தரவைகளில் ஆடுமாடுகள் மேய்கின்றன. கிணறே குடிநீர்க்கு ஆதாரம். கரையோரமெங்கும் உவர்நீர் தேங்கும் பள்ளங்கள் உள. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பின் குடம்பிகளைக் கொல்லுதற்கு ஒரு பற்றீரியத்தை நீரில் இடும் வழக்கம் இந்நாளிற் பல நாடுகளிலும் பரவியுள்ளது. அப்பற்றீரியம் அடைப்பான் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு என்று கேள்வியுறுவோர், “அத்தகையதொன்றை நாம் நீர் மொள்ளும் தொட்டியில் இடலாமா?” என்று ஐயுறுவர். இவ்வையம் நகைத்துத் தள்ளற்பாலதன்று. இதற்கு விடை காண வேண்டின், அக்கிருமியின் இயல்பையும் அதன் சுற்றத்தையும் முறையாக அறிதல் வேண்டும்.

கிருமியும் அதன் வித்தியும்

பசிலசு அந்திராசிசு என்பது இக்கிருமியின் அறிவியற் பெயர். இது கோலுருவினது, அகலம் ஏறக்குறைய ஒரு மைக்குரோமீற்றர், நீளம் மூன்று முதல் ஐந்து மைக்குரோமீற்றர். நோயுற்ற விலங்கின் குருதியில் இக்கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து குறுஞ்சங்கிலிகளாகக் காணப்படும். அந்திராக்சு என்ற கிரேக்கச் சொல் கரியைக் குறிப்பது. மனிதர்தம் தோலில் இந்நோய் உண்டாக்கும் புண்ணின் நடுவே கரிபோற் கறுத்த பொருக்குத் தோன்றுதலின் இப்பெயர் வந்தது.

கோலுருவில் உள்ளபோது இக்கிருமி வலியதன்று. கொதிநீர் அதனைக் கொல்லும். அழுகலை உண்டாக்கும் பிற பற்றீரியங்களுடன் போட்டியிட்டு அதனால் வாழவும் இயலாது. அதன் வலிமையெல்லாம் வித்தியில் உள்ளது. உணவு குன்றி, காற்றிலுள்ள ஒட்சிசனும் கிடைக்குமிடத்து, கலத்தினுள்ளே தன் பரம்பரைப் பொருளின் ஒரு படியை வைத்துப் பல படையான உறைகளால் அதனைப் பொதிந்துகொள்ளும். இதுவே அகவித்தி எனப்படும். வித்தியினுள் நீர் மிகக் குறைவு. கல்சியத்தோடு சேர்ந்த ஓர் அமிலம் உள்ளே செறிந்து நிற்கும். ஆதலின் வெயில், வறட்சி, குளிர், பல்வகை மருந்துகள் ஆகியவற்றைத் தாங்கி, மண்ணிற் பல பத்தாண்டுகள் அது கிடக்கவல்லது. மேயும் விலங்கின் வாய்வழியே உட்புகுந்ததும் மீண்டும் முளைத்துக் கோலாகிப் பெருகும்.

இவ்வித்தி எத்துணைக் காலம் நிற்கும் என்பதற்கு ஒரு தீவின் கதையே சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், பிரித்தானியர் இசுக்கொத்துலாந்துக் கரையை அடுத்த குறுயினாட் என்னும் சிறு தீவில் இவ்வித்திகளை வெடிகுண்டின் மூலம் பரப்பி ஆடுகள்மேற் சோதனை செய்தனர். ஆடுகள் மடிந்தன; தீவோ மனிதர் கால்வைக்கலாகாத இடமாயிற்று. 1986இல் 280 தொன் போமலிடிகைட்டுக் கரைசலைக் கடல்நீரிற் கலந்து நிலத்தின்மேற் பாய்ச்சிய பின்னரே, 1990இல் அத்தீவு மீண்டும் திறந்துவிடப்பட்டது. சில நாட்களிற் செய்த வினையின் பயன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது.

கண்டறிந்த வரலாறு

நோய்க்குக் காரணம் நுண்ணுயிரே என்ற கொள்கை இக்கிருமியைக் கொண்டே முதன்முதல் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. 1876இல் செருமானிய நாட்டு வைத்தியரான றொபேட் கொக், நாட்டுப்புறத்தில் மருத்துவத்தொழில் செய்துகொண்டே, தம் வீட்டில் அமைத்த சிறு ஆய்வுகூடத்தில் இதனை ஆராய்ந்தார். மாட்டின் கண்ணீர்மத்துளியில் அக்கோல்களை வளர்த்து, அவை நீண்டு இழையாவதையும், இழையினுள் வித்திகள் தோன்றுவதையும், வித்திகள் மீண்டும் கோலாவதையும் கண்ணாற் கண்டு வரைந்தார். பல தலைமுறை வளர்த்த பின்னும் அவை எலிக்கு அதே நோயைத் தந்தன. “சில வயல்களில் மேய்ந்த ஆடு மட்டும் ஆண்டுதோறும் மாள்வதேன்?” என்று குடியானவர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வினாவுக்கு, மண்ணிற் கிடக்கும் வித்தியே விடையாயிற்று.

ஐந்தாண்டுகளின் பின், 1881இல், பிரான்சு நாட்டில் பூயி-லெ-போர் என்ற ஊரில் லூயி பாஸ்ரர் பலரறியத் தம் தடுப்புமருந்தைச் சோதித்துக் காட்டினார். 24 செம்மறிகளுக்கும் சில மாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் வலுக்குறைந்த கிருமி ஏற்றப்பட்டது. அவ்வாறே மற்றொரு தொகுதி ஏதும் ஏற்றப்படாது விடப்பட்டது. மே 31ஆம் நாள் இரு தொகுதிக்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. சூன் 2ஆம் நாள் மக்கள் திரண்டு வந்து பார்த்தபோது, தடுப்புமருந்து பெற்ற செம்மறிகள் உயிரோடு நின்றன. பெறாதவற்றுட் பெரும்பாலானவை மாண்டுகிடந்தன, எஞ்சியவையும் அன்றைய பொழுது சாய்வதற்குள் வீழ்ந்தன.

இன்று கால்நடைகட்கு உலகெங்கும் இடப்படும் மருந்து, தென்னாபிரிக்காவில் மாக்சு சுரேண் என்பார் 1930களிற் கண்ட வலுவற்ற வித்தியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 1932இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அடைப்பான் வித்தித் தடுப்புமருந்தை ஆக்கிவரும் நிலையமாகும்.

கொல்லும் வகை

இக்கிருமி எவ்வாறு கொல்லுகின்றது? அதற்கு இரண்டு படைக்கலங்கள் உள. ஒன்று உறை; மற்றொன்று நஞ்சு. உறையானது நம் குருதியின் வெண்கலங்கள் கிருமியை விழுங்காதவாறு மறைத்துநிற்கும். நஞ்சோ மூன்று புரதங்களின் கூட்டுறவு. முதற்புரதம் நம் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டி, தன்போன்ற ஆறு துண்டுகளோடு சேர்ந்து ஒரு வளையமாகி வாயிலைத் திறக்கும். அவ்வாயில் வழியே மற்றை இரண்டும் உட்புகும். அவற்றுள் ஒன்று கலத்தில் நீர் கோத்து வீக்கமுண்டாக்கும்; மற்றொன்று கலத்தினுள்ளே செய்திகளைக் கொண்டுசெல்லும் புரதங்களை வெட்டும். வாயிற்காவலனைப் போன்ற முதற்புரதம் தனியே நின்றால் நஞ்சன்று. மற்றை இரண்டும் தனியே வந்தால் உட்புகமாட்டா. மூன்றும் சேர்ந்தவிடத்தே சாவு விளைகின்றது.

மாடும் ஆடும் பெரும்பாலும் எவ்வித முன்னறிகுறியுமின்றித் திடீரென வீழ்ந்து மடியும். மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றினின்று எளிதில் உறையாத கருங்குருதி வடியும். உடல் விரைந்து ஊதும். மனிதர்க்கு இந்நோய் பெரும்பாலும் நோயுற்ற விலங்கை உரித்தல், வெட்டுதல், தோலையும் மயிரையும் கையாளுதல் ஆகியவற்றால் வரும். தோலில் வருவதே நூற்றுக்கு 95க்கு மேற்பட்டது. நோவற்ற கரும்பொருக்கு அதன் அடையாளம். உரிய காலத்தில் நுண்ணுயிர்கொல்லி கொடுத்தால் இவ்வகையாற் சாவோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. கொடாவிடிற் பத்து முதல் இருபதுவரை. இறைச்சி வழியாகக் குடலிலும் மூச்சு வழியாக நுரையீரலிலும் புகுவன மிகக் கொடியவை. ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு இந்நோய் தொற்றுதல் மிக அரிது என்பது ஓர் ஆறுதல்.

இந்நோய் பழங்கதையன்று. தென்னிந்தியாவில் இது தொடர்ந்து தலைகாட்டுவதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1990களில் எடுத்துரைத்தனர். 2022 மார்ச்சில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மான்கள் இறந்தபோது ஒன்றில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. பாக்குநீரிணைக்கு அப்பால் உள்ளதொன்றை நாம் அறியாதிருத்தல் நன்றன்று.

உறவினர் யாவர்?

இனி, இக்கிருமியின் சுற்றத்தை நோக்குவாம். பசிலசு சீரியசு என்பது மண்ணில் எங்கும் பரந்துள்ளதொன்று. 1887இல் மாட்டுக்கொட்டிலின் காற்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு விவரிக்கப்பட்டது. பசிலசு துரிஞ்சியென்சிசு பூச்சிகளைக் கொல்வது. வேர்போலப் பரந்து வளரும் பசிலசு மைக்கோயிடிசு என்பதும் இச்சுற்றத்தைச் சார்ந்ததே. நுணுக்குக்காட்டியில் நோக்கின் இவற்றை எளிதிற் பிரித்தறிதல் அரிது. ஆய்வுகூடத்தார் சில வேறுபாடுகளைக் கொண்டு பிரிப்பர்: அடைப்பான் கிருமி அசையாது, சீரியசு பெரும்பாலும் நீந்தும், அடைப்பான் கிருமி செங்குருதிக்கலங்களைச் சிதைப்பதில்லை, சீரியசு சிதைக்கும், முன்னதைப் பெனிசிலின் பெரும்பாலும் அடக்கும், பின்னதை அடக்காது.

பரம்பரைப் பொருளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் கலை வளர்ந்த பின்னர் வியப்பான உண்மை வெளிப்பட்டது. 2003இல் அடைப்பான் கிருமியினதும் சீரியசினதும் முழுப் பரம்பரைத் தொகுதிகள் வெளியாயின. அவற்றின் நிறமூர்த்தங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தன. இவை மூன்றும் ஓரினமேயெனக் கொள்ளத்தகும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சில ஆய்வாளர் வாதிட்டிருந்தனர். அங்ஙனமாயின் ஒன்று கொலைஞனாகவும் மற்றது வெறும் மண்வாழியாகவும் ஆனது எதனால்?

விடை, பிளாசுமிட்டு எனப்படும் சிறு வளையங்களில் உள்ளது. நிறமூர்த்தத்தின் புறம்பே கலத்தினுள் மிதக்கும் டி.என்.ஏ. வளையங்கள் இவை. அடைப்பான் கிருமிக்கு இத்தகைய வளையங்கள் இரண்டு. ஒன்று நஞ்சின் மூன்று புரதங்களுக்குமுரிய கட்டளைகளை உடையது, மற்றது உறைக்குரியது. இரண்டில் ஒன்றை இழந்தாலும் கிருமியின் கொடுமை பெரிதும் ஒழியும். சுரேணின் தடுப்புமருந்து உறைவளையத்தை இழந்த வகை. 42, 43 பாகை செல்சியசு வெப்பத்தில் வளர்த்தால் கிருமி வலுக்குன்றும் என்று பாஸ்ரர் கண்டதன் காரணமும் ஒரு நூற்றாண்டின் பின் 1983இல் விளங்கிற்று: அவ்வெப்பத்தில் அது நஞ்சுவளையத்தை இழந்துவிடுகின்றது.

இவ்வளையங்கள் கலத்திற்குக் கலம் செல்லக்கூடியவை என்பதையும் மறைத்தலாகாது. ஐவரிகோசுற்று நாட்டுத் தாய்க் காட்டில் 2001ஆம் ஆண்டளவில் சிம்பன்சிகள் இறந்தபோது, அவற்றைக் கொன்றது இத்தகைய இரு வளையங்களையும் பெற்ற சீரியசு வகையொன்று எனக் கண்டனர். ஆயின் இயற்கையில் இது மிக அரிய நிகழ்ச்சி. மண்ணெங்கும் சீரியசு நிறைந்திருக்கவும், கொல்லும் அடைப்பான் கிருமிகள் உலகமெங்கும் ஒரே மூதாதையின் வழிவந்த நெருங்கிய கிளைகளாகவே இருக்கின்றமை இதனைத் தெளிவாக்கும்.

சோற்றுப்பானையில் வாழும் உறவு

சீரியசு முற்றிலும் தீதற்றதன்று. 1971 முதல் இங்கிலாந்திற் சீன உணவகங்களிற் சோறுண்டோர் சிலர் ஓரிரு மணிநேரத்தில் வாந்தியெடுத்தமைக்கு இதுவே காரணமென அறியப்பட்டது. அதற்கு முன்பே நோர்வே நாட்டில் கௌகே என்னும் ஆய்வாளர், கெட்டுப்போன இனிப்புக்குழம்பொன்றிற் கண்ட இக்கிருமியை வளர்த்துத் தாமே உட்கொண்டு வயிற்றுப்போக்குற்று, அதன் தன்மையை மெய்ப்பித்தார்.

அரிசியில் மண்வழி வந்த வித்திகள் இருத்தல் இயல்பு. சோறு கொதிக்கும்போது பிற கிருமிகள் மடியும், வித்தி மடியாது. வடித்த சோற்றைப் பெரும்பானையிற் குவித்துப் பல மணிநேரம் இளஞ்சூட்டில் வைத்தால், அவ்வித்தி முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியுண்டாக்கும் அந்நஞ்சு வெப்பத்துக்கு அழியாதது. ஆதலின் மீண்டும் சுடவைத்தலாற் பயனில்லை. நீருற்றிப் புளிக்கவைக்கும் பழஞ்சோற்றில் உண்டாகும் அமிலம் இக்கிருமியின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும். நீரும் அமிலமுமின்றி மூடிவைத்த சோற்றிலேயே இடர் மிகுதி. திருவிழாக் காலத்திலும் கலியாண வீட்டிலும் பேரளவிற் சமைப்போர், சோற்றை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்திருத்தல் வேண்டும். அன்றேல் சிறு பாத்திரங்களிற் பகிர்ந்து விரைவில் ஆற வைத்துக் குளிர்ப்பதனப் பெட்டியுட் சேர்த்தல் வேண்டும்.

நுளம்புக் குடம்பியின் பகைவன்

துரிஞ்சியென்சிசின் கதை வேறு. 1901இல் யப்பானில் இசிவாத்தா என்பார் பட்டுப்புழுக்கள் மடிதற்குக் காரணமாக அதனைக் கண்டார். 1911இல் செருமனியின் துரிஞ்சியா மாகாணத்தில் மா அந்தின் புழுவில் பேர்லினர் மீண்டும் கண்டு, அம்மாகாணத்தின் பெயரை அதற்கு இட்டார். வித்தி உண்டாகும்போது இக்கிருமி வித்தியின் அருகே ஒரு புரதப் பளிங்கையும் ஆக்குகின்றது. பூச்சியின் குடல் காரத்தன்மையுடையது. ஆங்குப் பளிங்கு கரையும். குடலிலுள்ள நொதியங்கள் அதனை வெட்டிக் கூர்மைப்படுத்தும். அது குடற்சுவரிலுள்ள உரிய ஏற்பிகளிற் பொருந்தித் துளையிடும். புழு உண்பதை நிறுத்தி மடியும். நம் இரைப்பை அமிலத்தன்மையுடையது. நம் குடலில் அவ்வேற்பிகளும் இல்லை. ஆதலின் அப்பளிங்கு நமக்கு வெறும் புரதமாகவே செரிக்கும். இப்பளிங்கின் பரம்பரை அலகைப் பருத்திச்செடியிற் புகுத்திய விதைகள் 2002இல் இந்தியாவிற் பயிரிட அனுமதிக்கப்பட்டமை பலரும் அறிந்ததே.

1976இல் இசுரவேலின் நெகேவ் பாலைநிலத்தில், நுளம்புக் குடம்பிகள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து இவ்வினத்தின் புதிய வகையொன்று எடுக்கப்பட்டது. இசுரவேலென்சிசு எனப்படும் இவ்வகையின் பளிங்கு, நுளம்பு முதலிய சில ஈயினங்களின் குடம்பிகளை மட்டுமே கொல்லும். மீனுக்கும் மாட்டுக்கும் மனிதர்க்கும் தீங்கற்றது. இதன் நச்சுக்கட்டளைகளும் ஒரு பிளாசுமிட்டு வளையத்திலேயே உள்ளன. அடைப்பானின் இரு வளையங்களும் இதனிடத்து இல்லை. தூய முறையில் ஆக்கப்பட்டதாயின் குடிநீர்க் கலங்களிலும் இதனை இடலாமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

யாழ்ப்பாணக் கரையில் கண்டவை

டெங்கு நுளம்பு நன்னீரிலேயே முட்டையிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 2011இல் வெளியான ஆய்வொன்று இலங்கையின் கரையோரங்களில் எறியப்பட்ட கலங்களிலும் கைவிடப்பட்ட படகுகளிலும் பயன்படாக் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் அந்நுளம்பின் குடம்பிகள் வாழ்தலைக் காட்டிற்று. 2012இல் யாழ்ப்பாண மாவட்டக் கரையோரத்தில் நிகழ்த்திய ஆய்வு, ஆயிரத்துக்கு 2 முதல் 68 பங்கு வரை உப்புள்ள நீரில் பல்வகை நுளம்புக் குடம்பிகளைக் கண்டது. கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கே என்பதை நினைவிற் கொள்க. டெங்கு நுளம்பின் இளங்குடம்பிகள் ஆயிரத்துக்குப் பத்துப் பங்குவரை ஒன்றும் சாகாமல் வாழ்ந்தன. 18 பங்கில் யாவும் மடிந்தன. துரிஞ்சியென்சிசின் ஆற்றலும் அவ்வாய்விற் சோதிக்கப்பட்டது. உவர் மிகுந்தவிடத்து அதன் கொல்திறன் சிறிதளவு, ஆயினும் ஐயமின்றி, குறைந்தது.

இம்முடிபு தீவகத்தார்க்குப் பெரிதும் உரியது. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவுசெய்யப்பட்டனர். நன்னீர்த் தொட்டிக்கு மட்டும் மருந்திட்டு, கரையிற் கிடக்கும் உடைந்த வள்ளத்தை மறந்துவிடின் அதனாற் பயன் குறையும். உவர்நீரில் நன்னீர்க்குரிய அளவே போதுமென்று கொள்வதும் பொருந்தாது. கவிழ்த்துவைக்கக்கூடிய கலத்தைக் கவிழ்ப்பதே முதன்மையான மருந்து. கவிழ்க்கவியலாத இடத்துக்கே பற்றீரியம். அதன் அளவைச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுரைப்படி கொள்ளுதல் வேண்டும்.

தரவையில் மாடு வீழ்ந்தால்

அடைப்பான் வித்தி நீண்டு நிற்பது கல்சியம் மிக்க, காரத்தன்மையுள்ள மண்ணில் என்பர். நம் தீவகமோ சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. இதனால் இந்நோய் ஈண்டு உண்டெனக் கூறுகின்றோமல்லோம். வந்தால் தங்குதற்கு ஏற்ற நிலம் என்றே கூறுகின்றோம். ஆதலின் காரணம் தெரியாது திடீரென மடிந்து, துவாரங்களிற் கருங்குருதி வடியும் மாட்டையோ ஆட்டையோ அறுத்தலும் உரித்தலும் ஆகா. உடலைத் திறவாதுவிடின் உள்ளே அழுகலை உண்டாக்கும் பற்றீரியங்களே கோலுருவிலுள்ள கிருமியைப் பெரும்பாலும் அழித்துவிடும். கத்தி பட்டுக் குருதி காற்றோடு கலந்தால் கோல்கள் வித்திகளாகி மண்ணிற் படியும். ஒரு பசுவை இழந்த ஏழைக் குடும்பம் அதன் தோலையும் இறைச்சியையுமாவது மீட்க நினைத்தல் இரங்கத்தக்கதே. ஆயின் அவ்வாறு மீட்டது குடும்பத்தின் உயிர்க்கும், பின்வரும் பல ஆண்டுகளின் மேய்ச்சலுக்கும் விலையாகிவிடலாம். நாயும் காகமும் அணுகாது காத்து, அரச மிருக வைத்தியருக்கு அறிவித்தலே செய்யத்தக்கது.

பிணத்தின்மேற் சுண்ணாம்பு கொட்டும் பழக்கத்தையும் ஈண்டு விலக்குதல் வேண்டும். சுண்ணாம்பிலுள்ள கல்சியம் வித்தியின் நிலைபேற்றுக்குத் துணைபோகலாம் என்பதால் இக்கால அறிஞர் அதனை ஏற்பதில்லை. எரித்தலே சிறந்த முறை. பாறை மேலெழுந்து, கிணற்றுநீர் ஆழமின்றி நிற்கும் நம் நிலத்தில் ஆழப் புதைத்தலினும் அதுவே பொருத்தமானது.

முதலிற் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறுவாம். அடைப்பான் கிருமியின் உறவு என்ற ஒன்றையே காரணமாக்கி நுளம்பைக் கொல்லும் பற்றீரியத்தை அஞ்ச வேண்டுவதில்லை. கொடுமை குலத்தில் இல்லை, இரு சிறு வளையங்களில் உள்ளது. அவ்வாறே, தினமும் நம்மோடு வாழ்வது என்ற ஒன்றையே காரணமாக்கிச் சோற்றுப்பானையின் கிருமியைப் புறக்கணித்தலும் தகாது. எதனை அஞ்சுவது, எதனைப் பயன்கொள்வது, எதனைத் தொடாது விடுவது என்பதைப் பெயரைக் கொண்டன்றி அதனதன் இயல்பைக் கொண்டு துணிதலே அறிவியல் நமக்குக் கற்பிப்பது. இவ்வறிவு கல்லூரிச் சுவர்களுள் நின்றுவிடாது தரவைக்கும் கரைக்கும் அடுக்களைக்கும் சென்று சேருதல் வேண்டும். அதனைக் கொண்டு செல்லவேண்டியவர் நம் மாணவரே.